சௌரிராஜன் சேனலில் திரை போட்ட கதை

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் சௌரிராஜனுக்கு இருந்த ஒரே சொத்து அவருடைய வீடியோ சேனல். வீடும் இருந்தது, ஆனால் அது மனைவி பத்மாசனி பேரில்.

அந்தச் சேனலுக்குத்தான் ஆபத்து. ரிட்டயர் ஆன கையோடு 'நாகத் தீவு' என்ற வீடியோ கேமை வாங்கி, தான் விளையாடுவதை உலகத்துக்கே காட்டலாம் என்று உட்கார்ந்தார். ஆரம்ப இசை முழங்கியது, தலைப்பு வந்தது, கரண்ட் போனது. முதல் வீடியோ அவ்வளவுதான். அதற்கே கேம் கம்பெனி, எங்கள் இசையைத் திருடிவிட்டீர் என்று காப்பிரைட் ஸ்டிரைக் போட்டது. அடுத்த வீடியோவில் சவுண்டை அடைத்துவிட்டுத் தலைப்பை மட்டும் காட்டினார். எங்கள் படத்தைத் திருடிவிட்டீர் என்று இன்னொன்று. மூன்றாவது விழுந்தால் சேனலையே மூடிவிடுவார்கள்.

"விட்டுத் தொலைங்கோளேன்," என்றாள் பத்மாசனி. "பார்க்கறதே ஒம்பது பேர். அதுல நாலு பேர் உங்க அக்கா பசங்க."

"மீதி அஞ்சு பேருக்கு யார் பதில் சொல்றது?"

மறுநாள் கோயிலில் அவர் நின்றபோது, பெருமாள் அமுது செய்யும் நேரமென்று சன்னதியில் திரை சேர்த்துவிட்டார்கள். உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒருத்தர் நகர வேண்டுமே! எக்கி எக்கித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றது கூட்டம். சௌரிராஜனுக்குப் பொறி தட்டியது.

அன்று சாயங்காலமே சவுண்டை அடைத்து, டி.வி.க்கு முன்னால் மயில்கண் வேஷ்டியைத் தொங்கவிட்டார். கேமரா வேஷ்டியைக் காட்டியது. அவர் மட்டும் ஓரமாக எட்டிப் பார்த்து வர்ணித்தார்.

"வரது, நாகம் வரது! ஏழு தலை! ஒவ்வொண்ணும் மலைக்கோட்டை சைஸ்! நான் தோசைக் கரண்டியை ஓங்கிட்டேன்…"

கம்பெனியின் கம்ப்யூட்டர் தலைகீழாக நின்று பார்த்தும் வேஷ்டியில் ஒன்றும் சிக்கவில்லை. கூட்டம்தான் சிக்கியது. புத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காட்டிய கையோடு பார்த்தார்கள். ஜீயபுரத்தில் ஒருவர் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பார்த்ததில், அவர் வாழைக்கும் பாய்ந்து, பக்கத்து வாழைக்கும் பாய்ந்து, தண்ணீர் திரும்பக் காவிரிக்கே போய்ச் சேர்ந்தது. நாற்பதாயிரம் பேருக்கும் ஒரே கேள்வி: திரை எப்போ விலகும்?

விலகவே கூடாது என்பது பத்மாசனிக்கு மட்டும் தெரியும். விளையாட்டின் முதல் கிராமத்துக் கிணற்றடியில் ஒரு வாத்து உண்டு. அது கொத்திக் கொத்தியே சௌரிராஜனின் வீரனைக் கிணற்றில் தள்ளிவிடும். நாகம் இருக்கும் திசையில்கூட அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

இப்படி இருக்கும்போது கம்பெனியின் பெங்களூர் ஆபீசிலிருந்து போன். பேசியவர் பெயர் மன்சூர்.

"சார், எங்க ஆபீசே உங்க சேனலைத்தான் பாக்குது. நாகத்துக்கு நாங்க வச்சது ஆறு தலைதான் சார். ஏழாவது தலை எங்கேன்னு கேமை உருவாக்கினவங்களே தேடிட்டு இருக்காங்க. ரெண்டு ஸ்டிரைக்கையும் எடுத்துட்டோம். இன்னிக்குத் திரையை எடுத்துக் காட்டுங்க."

சௌரிராஜன் எழுந்துபோய்த் திரையை இன்னும் இழுத்துவிட்டார். "அதெப்படி! சட்டம்னா சட்டம். தயவுபண்ணி ஒரு ஸ்டிரைக்காவது போடுங்கோ."

"போடணும்னாலும் நீங்க எதையாவது காட்டணுமே சார்!"

"போன்ல யாரு? ஸ்டிரைக்கைக் கேட்டு வாங்கிண்டிருக்கேளே!" என்றாள் பத்மாசனி.

"காட்டச் சொல்றான்டி. எதைக் காட்ட, வாத்தையா? நாளைக்கு வீதியில நடக்க முடியுமா?"

சாயங்காலம் நேரலை. நாற்பதாயிரம் பேர் "திரையை எடுங்க" என்று தட்டித் தட்டி எழுதினார்கள். "எத்தனை நாளைக்குத்தான் மூடி வைக்கறது?" என்று பத்மாசனி வேஷ்டியை உருவினாள்.

கிணற்றுக்குள் வீரன். அவன் தலைமேல் வாத்து.

சௌரிராஜன் வாத்தை நோக்கி விரலை நீட்டினார்.

"பார்த்தேளா திருட்டுப் பயலை! ஆறு தலையையும் நான் வெட்டிட்டேன். ஏழாவது தலை வாத்து வேஷம் போட்டுண்டு இங்க வந்து ஒளிஞ்சிண்டிருக்கு! இப்போ பாருங்கோ, நான் கரண்டியை எடுக்கறேன்…"

பத்மாசனி சடாரென்று வேஷ்டியைத் திரும்ப மாட்டினாள்.

"அப்புறம் சார்?" என்று முதலில் எழுதியது மன்சூர்.