துணிக்குள் இருந்தவள்

மைசூரில் நடந்த பழைய புகைப்படக் கண்காட்சிக்கு எங்கள் வீட்டுப் படம் ஒன்றையும் கேட்டு வாங்கியிருந்தார்கள். என் கொள்ளுத்தாத்தா வைத்யநாதன் எட்டு மாதக் குழந்தையாக உட்கார்ந்திருக்கும் படம். முதல் நாளே சுதர்ஷன் சித்தப்பாவும் நானும் போனோம். என் மகனைத் தூக்கிக்கொண்டு சொர்ணலதாவும் வந்தாள். எல்லைப்பக்கத்துக் கௌதள்ளி ஊர்க்காரி. இரண்டு வருடமாக அவனைப் பார்த்துக்கொள்கிறாள்.

எங்கள் படத்தின் முன் அவள்தான் முதலில் நின்றாள்.

“அக்கா, பாப்பா சோபா மேல உக்காரலீங்க. துணிக்குள்ள ஆள் இருக்குது. இதா பாருங்க, கையி.”

பூப்போட்ட துணியின் ஓரத்தில் நான்கு விரல்கள் குழந்தையின் இடுப்பைப் பிடித்திருந்தன.

படங்களை விளக்கிக்கொண்டிருந்த மனிஷா சிரித்தாள். “கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்க! அப்பல்லாம் போட்டோ விழற வரைக்கும் ஆடாம இருக்கணும். குழந்தை ஆடாம இருக்குமா? அதான் யாராவது மடியில பிடிச்சுக்குவாங்க, அவங்க மேல துணியப் போட்டு மூடிடுவாங்க. மேடம், இது யாரு? நீங்க குடுத்த ஃபார்ம்ல இவங்க பேர் எழுதற இடத்தை விட்டுட்டீங்களே. பேர் தெரிஞ்சா இப்பவே சேர்த்துடலாம்.”

“அம்மாவாத்தான் இருக்கும்,” என்றார் சித்தப்பா.

அந்த அம்மா பிரசவத்திலேயே போய்விட்டாள். அது அவருக்கும் தெரியும்.

“தெரியலை,” என்றேன்.

“ஏனுங்கக்கா, பிரேமு மாத்தறப்ப பின்னாடி எழுதியிருந்துச்சுங்களே? நான்தானுங்களே தூசி தொடச்சுக் குடுத்தேன். ‘பால் கொடுத்த லிங்கம்மா’ன்னு கன்னடத்துல.”

அவள் கன்னடப் பள்ளியில் படித்தவள். அன்று படத்தின் அட்டையை அவள் கையில் கொடுத்தபோது, அவளும் வாசிப்பாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

படிவத்தில் அந்த இடம் வந்ததும் என் பேனா நின்றுபோனது. ஆசாரத்துக்குப் பேர்போன எங்கள் குடும்பம் வேறு சாதிப் பெண்ணின் பாலில் வளர்ந்தது என்று ஊரே நின்று படிக்குமே. கல்லூரியில் சாதியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். வெட்கப்பட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல், உறுதியாகத் தெரியாததை எழுதக்கூடாது என்று காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மனிஷா பென்சிலை எடுத்தாள். “லிங்கம்மா. குழந்தைக்கு என்ன வேணும் மேடம், இவங்க?”

சித்தப்பா தொண்டையைச் செருமினார். சொர்ணலதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பால் கொடுத்த அம்மா’ என்று வாய் வரை வந்தது.

“வேலைக்காரி,” என்றேன்.

மனிஷா எழுதிக்கொண்டாள். என் மகன் சிணுங்க ஆரம்பித்தான். அவனை வாங்கக் கை நீட்டினேன். சொர்ணலதா அவனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“பரவாயில்லீங்க மேடம்,” என்றாள். “நானே வெச்சுக்கறனுங்க.”