குழம்பு வரி

2004 செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ரவுண்ட் ராக்கின் ஏரிக்கரைக் குடியிருப்பில் முப்பத்திரண்டு தமிழ் வீடுகளின் அடுப்பிலிருந்து வீட்டுக்கு இரண்டு கரண்டி குழம்பு மறைந்து, கிளப்ஹவுஸில் இருந்த எவர்சில்வர் அண்டாவில் சூடு ஆறாமல் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்குச் சாப்பாடு போட இப்படி ஒரு வரி என்று தமிழ் மன்றக் கமிட்டி முந்தின ஞாயிறுதான் தீர்மானம் போட்டிருந்தது. சமைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைவர் கோபாலசாமி கையெழுத்துப் போட்டார், குழம்பு கிளம்பிவிட்டது, அவ்வளவுதான்.

முப்பத்து மூன்றாவது வீடு அபயாம்பாளுடையது. அவள் குழம்பிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை. அவள் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. கணவன் மணியனின் விசாவில் வந்தவள் என்பதால் வேலைக்குப் போக முடியாது. நாலு பேர் நடுவில் அவளுக்கென்று இருந்த பெயரெல்லாம் அந்த வத்தக்குழம்புதான். எதிர்வீட்டு ராஜலக்ஷ்மியோ வாரம் தவறாமல் வந்து, "எங்க வீட்ல இன்னிக்கும் ரெண்டு கரண்டி அபயா! இதெல்லாம் அநியாயம் இல்லையா?" என்று பூரிப்போடு புலம்பிவிட்டுப் போவாள். அபயாம்பாளுக்கு வயிறு எரிந்தது. சென்னையிலிருந்து கட்டிப் பெருங்காயம் வரவழைத்தாள், நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள், பதினோரு மணிக்கு மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இரண்டு வருஷம் நின்றாள். வெளியே மட்டும், "எங்க வீட்லயும்தான் போகுது" என்று சொல்லி வைத்தாள்.

இதற்குள் ராஜலக்ஷ்மியின் மகள் ரக்ஷா ஸ்கூலில் சரித்திரம் படித்துவிட்டு வந்து, "அம்மா, திஸ் இஸ் டாக்ஸேஷன் விதவுட் கன்சென்ட்" என்று சொல்ல, குடியிருப்பே பற்றிக்கொண்டது. கூட்டம் கூடினார்கள். குழம்பு கொடுத்த வீட்டுக்குத்தான் கை தூக்கும் உரிமை என்று முடிவானது. அபயாம்பாளும் கை தூக்கினாள். உடனே கோபாலசாமி வசூல் பட்டியலை எடுத்து வாசித்தார். அவள் பெயருக்கு நேரே பூஜ்யம். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அடுத்த வெள்ளி, பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவையில் வந்து அண்டாவைத் தூக்கி ஏரியில் கவிழ்த்தார்கள். ராஜலக்ஷ்மிதான் முதல் பிடி. அபயாம்பாள் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அநியாயம் நடப்பதிலும் ஒரு பட்சபாதமா என்று அழுகை வந்தது. ஏரி பதினைந்து நாள் சாம்பார் மணத்தது, வாத்துகள் கொழுத்தன, கமிட்டி தீர்மானத்தை வாபஸ் வாங்கியது.

வாபஸ் வாங்கிய வாரம் முப்பத்திரண்டு வீட்டிலும் குழம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. அபயாம்பாள் பழக்கதோஷத்தில் மூடியைத் திறந்தாள். இரண்டு கரண்டி அளவுக்குக் குழம்பு இறங்கி, பாத்திரத்தின் உள்சுவரில் எண்ணெய்க் கோடு தெரிந்தது. மணியன் எட்டிப் பார்த்துப் பதறி, "கமிட்டிக்கு கம்ப்ளெயின்ட் பண்ணலாமா?" என்றான். "சும்மா இருங்க" என்று அவன் வாயை அடைத்தாள்.

கிளப்ஹவுஸ் அண்டாவில் வெள்ளிதோறும் இரண்டு கரண்டி வத்தக்குழம்பு மட்டும் வந்துகொண்டிருக்கும் செய்தி ராஜலக்ஷ்மிக்கு எட்ட மூன்று வாரம் ஆனது. வந்து கேட்டாள், முகம் சுண்டிப்போயிருந்தது.

"உங்க வீட்ல இன்னும் எடுக்கறாங்களாமே?"

"ஆமா ராஜி, என்ன பண்றது? அநியாயம்தான்" என்றாள் அபயாம்பாள். அந்த வாரத்திலிருந்து புளியை ஒரு கை கூடவே ஊறப்போட ஆரம்பித்தாள்.