பதினொரு கதவு, ஒன்பது ஆள்

பல் டாக்டர் வீட்டு மாடியில், சினிமா பார்ப்பதற்கென்றே கட்டிய அறையின் பொய்க்கூரையை அறுக்கக் காலை பத்து மணி என்று நேரம் குறித்திருந்தார்கள். குறித்தது வேறு யாருமில்லை, எலியின் கூடப் பிறந்த அண்ணன்.

எலி என்பது கடையில் அவளுக்கு வைத்த பெயர். ஆள் நுழைய முடியாத சந்திலெல்லாம் புகுந்து ஸ்பீக்கர் வயரை இழுத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடுவாள். ஹோம் தியேட்டர் கடை அண்ணனுடையது. பேசி விற்பது அவன் பாடு, இழுத்து மாட்டுவது அவள் பாடு. அவன் பேச ஆரம்பித்தால் காது மந்தமானவர்கூட இரண்டு ஸ்பீக்கர் வாங்காமல் வெளியே போகமாட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பதை மட்டும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

டாக்டருக்கு அவன் விற்றது பதினொரு ஸ்பீக்கர். முன்னால் மூன்று, பக்கச் சுவர்களில் இரண்டு, பின்சுவரில் இரண்டு, கூரையில் நான்கு. தரை அதிர உறுமும் சப்வூஃபர் தனி, அதை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. எல்லாவற்றையும் பேச வைப்பது அலமாரியில் இருக்கும் ரிசீவர் பெட்டி. மாட்டி முடித்த அன்று பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்' என்று சோதனைச் சத்தம் அனுப்பியது. பதினொன்றும் வரிசையாகப் பதில் சொல்லின. டாக்டரும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் கழித்துப் புகார் வந்தது. படம் ஓடும்போது இரண்டு ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறதாம். ஒரு நாள் பின்சுவர் ஜோடி, இன்னொரு நாள் கூரையில் பின்பக்கத்து ஜோடி. வந்து வந்து போனால் அது லூஸ் வயர்தான், கூரைக்குள் எங்கேயோ நசுங்கியிருக்கிறது என்று அண்ணன் நின்ற இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டான். பெட்டி அவன் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, அதில் குறை இருக்குமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்குத் தங்கை இழுத்த வயர் கோணல்.

வீட்டுக்கு வந்து அவன் சொன்னது அதைவிட மோசம். கூரையைப் பிரித்து வயர் சேதம் என்று தெரிந்தால், இனி வயர் வேலைக்கு வெளியாளை வைத்துக்கொள்வானாம். அவள் கஷ்டப்படாமல் கடையில் உட்கார்ந்து போன் எடுத்தால் போதுமாம். பாசமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷத்தில் அவள் ஒரு வயரை நசுக்கியதில்லை. ஆனால் கூரையை அறுக்கிற ரம்பம் பட்டால் நல்ல வயரும் சேதமாகிவிடும். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் எடுபடாது.

சொன்னபடி பத்து மணிக்குக் கூரை மேஸ்திரி ஏணியை விரித்து, சோபாவின்மேல் துணியைப் போர்த்தினார். எலி டாக்டரிடம் போனாள். என்றைக்கு எந்த ஜோடி ஊமையானது என்று டாக்டருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டாள். நினைவை நம்புகிற மனிதரா அவர்? நோயாளிக்கு எழுதுவதுபோல ஒரு நோட்டே போட்டு வைத்திருந்தார். தேதி, ஓடிய டிஸ்க், ஊமையான ஜோடி. வாசிக்கத்தான் ஒரு மருந்துக் கடைக்காரரைக் கூட்டிவர வேண்டும்போல் இருந்தது.

மொத்தம் பதினாலு வரி. எலி இரண்டு தரம் படித்தாள். இரண்டு ஜோடியும் சேர்ந்து ஊமையான நாள் ஒன்றுகூட இல்லை. இரண்டும் சேர்ந்து பேசிய நாளும் இல்லை. கச்சேரி டிஸ்க்கை மூன்று முறை போட்டிருக்கிறார், மூன்று முறையும் கூரை ஜோடிதான் ஊமை. லூஸ் வயருக்கு இவ்வளவு ஒழுக்கம் ஏது?

ஓடிப்போய்ப் பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினாள். யாரும் திறக்காத பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: ஒரே நேரத்தில் இயங்கும் ஆம்ப்ளிஃபையர்கள், ஒன்பது. ஸ்பீக்கரைப் பேச வைக்கும் சக்தியைத் தருவது ஆம்ப்ளிஃபையர், ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்று வேண்டும். பெட்டியின் முதுகில் வயர் மாட்டும் இடம் பதினொன்று இருக்கும். அண்ணன் அதை எண்ணித்தான் விற்றிருக்கிறான்.

மேஸ்திரி அதற்குள் மூன்றாவது படியில் ஏறியிருந்தார். ஒரு பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னாள். அண்ணனுக்கு முகம் சுருங்கியது.

"டெஸ்ட்ல பதினொண்ணும் பேசிச்சே. பெட்டியைப் போய் ஏன் குறை சொல்ற?"

"பதினொரு கதவு இருக்கிற வீட்டுல ஒன்பது பேர்தான் இருக்காங்கன்னு வெச்சுக்கோண்ணா. ஒவ்வொரு கதவா தட்டினா எல்லாக் கதவும் திறக்கும், ஆள் நடந்து வந்து திறப்பாங்க. பதினொண்ணையும் சேர்த்துத் தட்டிப் பாரு, ரெண்டு திறக்காது. எந்த ரெண்டுங்கிறதை ஓடுற டிஸ்க்கைப் பார்த்துப் பெட்டியே முடிவு பண்ணுது. டெஸ்ட்ல நாம ஒவ்வொண்ணாத்தான் தட்டினோம்."

டாக்டர் நோட்டை மூடினார்.

அதோடு விடவில்லை எலி. சொல்லி அடிப்பது என்று முடிவு செய்தாள். அந்தக் கச்சேரி டிஸ்க்கையே போட்டாள். பின்சுவரில் ஸ்பீக்கரே கிடையாது என்று பெட்டியின் செட்டிங்கில் மாற்றப்போவதாகவும், மாற்றியதும் கூரையின் ஊமை ஜோடி வாய் திறக்கும் என்றும் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாள். திறக்காவிட்டால் மேஸ்திரி தாராளமாக அறுக்கலாம். பட்டனை அழுத்தினாள்.

மேஸ்திரி ஏணி உச்சிக்குப் போய் ஊமை ஸ்பீக்கரில் காதை வைத்தார். பிறகு ஏணியை நகர்த்தி அதன் ஜோடியிலும் வைத்தார்.

"ரெண்டும் பாடுதுங்க," என்றார்.

பல் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். வலி ஒரு பல்லில் இருக்க, பக்கத்தில் இருந்த நல்ல பல்லைப் பிடுங்க இருந்தோமே என்றார். அண்ணன் மட்டும் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள். ஒன்பதே தாராளம், இந்த அறைக்குப் பதினொன்று கொஞ்சம் அதிகம்தான் என்று ஆரம்பித்தான். எலி அவனை முடிக்க விடவில்லை. பதினொன்றும் ஒன்றாகப் பேசாமல் இந்த அறையை விட்டு நகர்வதில்லை என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

பெட்டிக்குப் பதினொரு ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கத் தெரியும். ஒன்பதுக்கு மேல் ஓட்டத்தான் தெம்பில்லை. மீதி இரண்டை ஓட்ட ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் போதும், அதற்கு வயர் கொடுக்கும் துளைகள் பெட்டியிலேயே இருக்கின்றன. இதைக் கேட்டதும் டாக்டர் கீழே தன் கிளினிக்குக்கு ஓடினார். காத்திருப்பவர்களுக்கு மெல்லிசை பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையரைப் பிடுங்கி, தூசியோடு மார்பில் அணைத்துக்கொண்டு வந்தார். நோயாளிகள் கொஞ்ச நேரம் டிரில் சத்தத்தையே கேட்கட்டும் என்றார்.

முன்பக்கத்து இடது, வலது ஸ்பீக்கர்களை எலி அதில் மாட்டினாள். பெட்டியிடம் விவரத்தைச் சொல்லி, ஒலி அளவுகளைத் திருத்தி, மழைக் காட்சி வரும் படத்தைப் போட்டாள். கூரை முழுவதும் மழை பெய்தது, முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே இல்லை. பக்கச் சுவர்களில் காற்று சுழன்றது. முதுகுக்குப் பின்னால் பின்சுவரில் ஒரு கதவு அறைந்து சாத்திய சத்தத்தில் மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போய்க் காதை வைத்துப் பார்த்தான். ஏணியிலும் ஏறினான். பதினொன்றையும் முடித்துவிட்டு இறங்கியபோது மேஸ்திரி ரம்பத்தைக் காட்டி, கூரையை என்ன செய்வது என்று கேட்டார்.

"அதுல யாரும் கை வைக்கக் கூடாது," என்றான் அண்ணன். டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னான். "வயர் இழுத்தது என் தங்கச்சி. அதுல ஒரு குறையும் இல்ல. எண்ணத் தெரியாம வித்தது நான். இனிமே எந்தப் பெட்டி வாங்கணும்னு அவதான் சொல்லுவா."

எலி ரிமோட்டை எடுத்து மழையை நிறுத்தினாள். பதினொரு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் பேசியதில் அண்ணன் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்றாள், இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

அவன் முறைத்தான். பிறகு, முதல் வார்த்தையிலிருந்து மறுபடியும் சொன்னான்.