குடைக்குக் கீழே ஓர் அடுப்பு

ஸ்ரீரங்கத்திலிருந்து வயசானவர்கள் வெளிநாடு போகிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மகளுக்குப் பிரசவம் பார்க்க, பேரனை ஸ்கூலில் கொண்டுவிட, மருமகளுக்குப் புளிக்காய்ச்சல் கிண்டிக் கொடுக்க. பூமாவும் அவள் கணவர் கோபுவும் இதில் எந்தக் காரணமும் இல்லாமல் போனார்கள். அதுதான் அவர்கள் குடியிருந்த மேலூர் ரோட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

"வியட்நாம்ல யாரு மாமி இருக்கா? பொண்ணா, பிள்ளையா?" என்று எதிர்வீட்டு சுபஸ்ரீ கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை."

"அப்புறம் மூணு மாசம் அங்க என்ன பண்ணுவேள்?"

"சும்மா இருப்போம்."

"சும்மா இருக்கறதுக்கா பாஸ்போர்ட் எடுத்தேள்?"

உண்மையில் அவர்களைத் துரத்தியது வெயில். கோபு பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் உலைச் சூட்டுக்குப் பக்கத்தில் நின்றவர். ரிட்டையரான மறு வருஷம், அக்னி நட்சத்திரத்தில், காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் சுருண்டு விழுந்தார். இனிமேல் கோடை மாசங்களில் இந்த ஊரில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலக்கரையில் டிக்கெட் ஆபீஸ் வைத்திருக்கும் தாஜுதீன் பாய்தான் வழி சொன்னார். இருபத்தெட்டு வருஷம் குவைத்தில் இருந்தவர். வாடகை வீடும் அந்நிய ஊரும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"டாலாட்னு ஒரு மலை ஊரு சார். மே மாசத்துல ஸ்வெட்டர் போடணும். ஒரு அம்மா மாடி வீட்டை வாடகைக்கு விடுறாங்க. போய்ப் பாருங்க. புடிக்கலேன்னா திரும்பி வந்து என்னைத் திட்டுங்க."

திட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. பைன் மரங்களுக்கு நடுவில் வீடு. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் போலிருந்தது. வீட்டுக்காரி பெயர் ஹோவா. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கணவர் இல்லை, கீழ்த்தளத்தில் தனியாக இருந்தாள். அவள் பாஷை இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல கோபுவின் செல்போன் இருந்தது.

எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் முதலில் பால் காய்ச்ச வேண்டும், அந்தப் பால் பொங்கி வழியவும் வேண்டும். வந்திறங்கிய அன்றே பூமா மின்சார அடுப்பில் பாலை வைத்தாள். அந்த அடுப்புக்குப் புத்தி அதிகம். பால் எழும்பும்போதெல்லாம் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. நாலாவது தடவை பூமா பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு நின்றாள். பால் பொங்கியது, வழிந்தது, அடுப்புக்குள்ளேயே இறங்கியது. வீடு முழுக்க கரண்ட் போயிற்று. ஹோவா ஸ்க்ரூடிரைவரும் கையுமாக மாடியேறி ஓடிவந்தாள். 'வேண்டும் என்றேதான் வழியவிட்டோம், வீட்டுக்கு நல்லது' என்று கோபு செல்போனில் காட்டினார். ஹோவா அதை இரண்டு தடவை படித்தாள். அடுப்பைப் பார்த்தாள், பாலைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் பூமா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். இந்தப் பாத்திரங்களில் மீன் சமைத்ததுண்டா? ஹோவா பதிலே சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அரை மணி கழித்துப் புதுப் பாத்திரங்களோடு வந்தாள். ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. பழைய பாத்திரங்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

கோபு, தான் பெருமாளாகப் பூஜிக்கும் சாளக்கிராமத்தை வெள்ளிச் சம்புடத்தில் வைத்துக் கையோடு கொண்டுபோயிருந்தார். ஒருநாள் கூடத் திருவாராதனம் தடைப்படக் கூடாது அவருக்கு. அதைப் பார்த்த நாளிலிருந்து, தினமும் காலையில் மாடி வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலப் பூக்கொத்து இருக்கும். வாசனையே இல்லாத, பேர் தெரியாத பூ. கோபு முதல் நாள் யோசித்தார். இரண்டாம் நாள் பெருமாளுக்குச் சாத்திவிட்டார்.

அந்தக் கோடை முழுக்கக் கீழ்வீட்டிலிருந்து மீன் வாசனையே வரவில்லை. பூமாவுக்கு ஒரே பெருமை. ஊருக்குத் திரும்பியதும், "எங்களைப் பாத்துப் பாத்து ஹோவாவும் சைவமாயிட்டா, தெரியுமோ?" என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னாள்.

அடுத்த வருஷமும் சித்திரைக்கு முன்பே கிளம்பினார்கள், அதே வீட்டுக்கு. திரும்பி வந்த பிறகு, ஐப்பசியில் ஹோவாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. செல்போன் அதைத் தமிழாக்கித் தந்தது.

'மார்கழியில் உங்கள் ஊர் இதமாக இருக்கும் என்றீர்கள். வாழ்நாள் முழுக்க மலையில் இருந்துவிட்டேன். இரண்டு ஆறுகளுக்கு நடுவில், சமதரையில், இரண்டு மாதம் இருக்க ஆசை. விருந்தாளியாக வேண்டாம். நீங்கள் என்னிடம் இருந்ததைப் போல, வாடகைக்கு ஒரு வீடு பார்த்துத் தாருங்கள். கோபுரம் தெரிந்தால் நல்லது.'

பதிலுக்குச் செய்ய ஒன்று கிடைத்துவிட்டது என்று பூமா துள்ளினாள். 'கோபுரம் தெரியும் வீடு. இது என் வாக்கு' என்று உடனே பதில் அனுப்பச் சொன்னாள். மூன்று வாரத்தில் அந்த வாக்கு அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

"தனியா ஒரு பொம்மனாட்டியா? வெளிநாட்டுக்காரியா?" என்றார் வடக்குச் சித்திரை வீதி வீட்டுக்காரர்.

"வியட்நாம். ரொம்ப நல்ல மனுஷி."

"அவாள்ளாம் பாம்பு கூடத் தின்பாளாமே!"

"மீன்தான், சார். பாம்பில்லை."

"மீனா? அம்மா, எங்காத்துல வெங்காயமே கிடையாது."

அடையவளைஞ்சான் தெருவில் ஒரு வீட்டுக்காரம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அவ சாப்பிடாம இருப்பாளா?" என்று கேட்டாள். மீனை என்று சேர்த்துக்கொள்ள அந்த அம்மாளுக்கு வாய் வரவில்லை. ஏழு வீடுகள் ஆயிற்று. ஒவ்வொரு தடவை வெளியே கிளம்பும்போதும் பூமாவின் சொந்த வீட்டு கேட்டில் ஒரு தகரப் பலகை கடகடவென்று ஆடும். கோபு ரயில்வே எழுத்தில் அழகாக எழுதியது. 'மாடி போர்ஷன் வாடகைக்கு. சைவம் மட்டும்.' புரட்டாசியிலிருந்து மாடி காலியாகத்தான் கிடந்தது. அந்தப் பலகையைப் பார்க்காதது போலவே பூமா கேட்டைச் சாத்திவிட்டுப் போவாள். கீழே பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். தலைக்கு மேலே மீன் பொரிந்தால்? கோபுவிடம் போய் எந்த வாயால் கேட்பது?

கடைசியில் தாஜுதீன் பாய் கே.கே. நகரில் ஒரு வீடு காட்டினார். காற்றோட்டமான வீடு, தங்கமான வீட்டுக்காரர்கள். பூமா ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று பார்த்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

"இங்கேர்ந்து ஸ்ரீரங்கம் எவ்வளவு நேரம் பாய்?"

"பஸ்ல முக்கால் மணி ஆகும்மா."

ஆறு இல்லை, கோபுரம் இல்லை, பக்கத்தில் தானும் இல்லை. பூமா ஜன்னலைச் சாத்தினாள். பாய் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க மாடி காலியாத்தானே இருக்கு?"

"இருக்கு."

"போர்டைப் பார்த்தேன். அதான் இத்தனை நாளா கேக்கலை."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. கீழே தண்ணீர் கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. பூமாவுக்கு டாலாட்டின் கடைசி வாரம் நினைவுக்கு வந்தது. யாரிடமும் அவள் சொல்லாத ஒன்று. நல்ல மழை. புதினா பறிக்கலாம் என்று பின்பக்கத் தோட்டத்துக்குப் போனவள், வேலியோரம் ஹோவா குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முன்னால் ஒரு கரி அடுப்பு. ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மாடிக்கு வாசனை ஏறக் கூடாது என்று இரண்டு கோடையாக, தன் சொந்த வீட்டுக்கு வெளியே, மழையிலும் பனியிலும் அவள் அப்படித்தான் சமைத்திருக்கிறாள். இவர்கள் அதை அவளிடம் கேட்கவும் இல்லை, அவள் இவர்களிடம் சொல்லவும் இல்லை. பூமா சத்தம் போடாமல் திரும்பி மாடியேறிவிட்டாள். ஹோவா சைவமாகிவிட்டதாகத் தெருவெல்லாம் சொன்ன பொய்யை மட்டும் இன்னும் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஏன்னா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கப்டாது."

கோபு பேப்பரை மடித்தார். "மாடியைத்தானே சொல்லப் போறே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த மெசேஜ் வந்த அன்னிக்கே நினைச்சேன். உன் தளிகையறைக்கு நேர் மேல அவ அடுப்பு வரும். நீ என்ன சொல்வியோன்னு வாயைத் திறக்கலை."

"நான் என்ன சொல்வேனோன்னா? நீங்க என்ன சொல்வேளோன்னுதானே நான் ஏழு வீட்டுப் படி ஏறி இறங்கினேன்!"

"பெருமாள் ரெண்டு கோடை அவாத்துல இருந்தார். அவ வெச்ச பூவைத்தான் சாத்திண்டார். வேண்டாம்னாரா? அவருக்கில்லாத ஆசாரம் எனக்கென்ன?"

"இதை ஏழு வீட்டுக்கு முன்னாடியே சொல்லப்டாதா?"

"நீயும்தான் கேட்டிருக்கப்டாதா?"

அவர் எழுந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். கேட்டிலிருந்து பலகையைக் கழற்றினார். அந்த இடத்தில் நாலு துருப்பிடித்த ஓட்டை மட்டும் மிச்சம். பூமாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எதிர்வீட்டு சுபஸ்ரீ மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்ததால் காப்பி போட உள்ளே போய்விட்டாள்.

மாடிக்குப் பாத்திரங்கள் வேண்டும். மற்றவை சரி, மீன் பொரிக்க எந்தச் சட்டி நல்லது என்று பூமாவுக்கு எப்படித் தெரியும்? தாஜுதீன் பாயின் மனைவி சாரா பீவியை அழைத்துக்கொண்டு பெரிய கடைவீதிக்குப் போனாள். கடைக்காரர் பூமாவின் நெற்றியில் இருந்த நாமக்கோட்டைப் பார்த்தார், அவள் மெல்லிய குரலில் கேட்டதைக் கேட்டார், மறுபடி நெற்றியைப் பார்த்தார்.

"மீனுக்கா மாமி?"

"அவங்கள ஏன் முறைச்சுப் பாக்குறீங்க? இரும்புச் சட்டியை எடுங்க, கனமா," என்றாள் சாரா பீவி. பூமாவின் காதோரம் குனிந்து, "பயப்படாதீங்கம்மா. சட்டி உங்களைக் கடிக்காது," என்று சொல்லிச் சிரித்தாள்.

கார்த்திகை முடிய நாலு நாள் இருக்கையில் ஹோவா வந்திறங்கினாள். மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து ராஜகோபுரத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்தாள். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் காரை நிறுத்தி வாங்கியிருக்கிறாள். இந்த அடுப்பு காஸ் அடுப்பு, அதற்குப் புத்தியெல்லாம் கிடையாது. முதல் தடவையிலேயே பால் தாராளமாக வழிந்தது. ஹோவா பெருமையோடு கோபுவைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தார்கள்.

புதுச் சட்டியைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அவள் பூமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குச் செல்போன் தேவைப்படவில்லை.

அடுத்த ஒரு வாரமும் மாடியிலிருந்து மீன் வாசனை வரவில்லை. அலைச்சலில் இன்னும் சமைக்கத் தொடங்கவில்லை என்று பூமா நினைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் மத்தியானம் யாரும் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி கிடப்பது நினைவு வந்து பூமா மொட்டை மாடிக்கு ஓடினாள்.

தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஹோவா குந்தி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு கரி அடுப்பு. எந்தக் கடையில், எப்போது வாங்கினாளோ! அதன் மேல் சாரா பீவி பொறுக்கிய இரும்புச் சட்டி. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் குடை. குடையை அடுப்புக்குப் பிடித்துவிட்டு அவள் நனைந்துகொண்டிருந்தாள்.

பூமாவைக் கண்டதும் அவசரமாக எழுந்தாள். விரலால் கீழே காட்டினாள். பிறகு கரண்டியோடேயே கைகூப்பிக் கண்ணை மூடிக் காட்டினாள். கீழே உங்கள் சுவாமி இருக்கிறாரே என்று அர்த்தம்.

பூமா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சட்டியின் இரண்டு காதுகளையும் பற்றித் தூக்கினாள். அறுபத்து நாலு வயசில் மீனை இத்தனை பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள். எண்ணெய் ஒரு துளி மணிக்கட்டில் தெறித்துச் சுட்டது. அவள் சட்டியை விடவில்லை. ஹோவா ஏதேதோ சொல்லிக்கொண்டு குடையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவந்தாள். மாடி வீட்டுச் சமையலறைக்குள் போய், பால் பொங்கிய அதே அடுப்பில் சட்டியை வைத்து, பூமா தன் கையாலேயே காஸைப் பற்றவைத்தாள்.

கீழேயிருந்து கோபுவின் குரல் வந்தது. "பூமா! துணியெல்லாம் எடுத்துட்டியா?"

"நனைஞ்சா நனையட்டும்! ஹோவா மழைல உக்காந்து மீன் பொரிச்சுண்டிருந்தா, சட்டியை உள்ள கொண்டுவந்துட்டேன்!"

கோபு படிக்கட்டடிக்கு வந்து சொன்னார், "நல்லதாப் போச்சு. அந்தம்மாவைத் தலையைத் துவட்டிக்கச் சொல்லு. ஜலதோஷம் பிடிச்சுக்கும்."

ஜன்னலுக்கு வெளியே கோபுரம் நனைந்துகொண்டிருந்தது. பூமா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மீனையே பார்த்தபடி நின்றாள். அதை எப்போது திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓரம் கருகத் தொடங்கியதும், தலை சொட்டச் சொட்ட வந்த ஹோவா அவளை இடுப்பால் ஓர் இடி இடித்துத் தள்ளிவிட்டுக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.