ரைஷாவின் கூடாரம்

தவளையே இல்லாத அஹக்கார் பாலையில் அமஸ்தான் தன் வாயால் கெட்டான்.

விருந்தாளிகள் இரண்டு பேர் கஞ்சிக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உப்பு ஏற்றிவரப் போன பயணத்தில் மிரண்டு ஓடிய ஒட்டகத்தை ஒற்றை ஆளாகப் பிடித்த கதையை அளந்துகொண்டிருந்தான் அவன். மூலையில் தோல் தைத்துக்கொண்டிருந்த மனைவி ரைஷாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஆமாமா, பிடிச்சே! தாகம் தாங்காம அதுவே திரும்பி வந்துச்சாம். நீ புதருக்குப் பின்னால ஒளிஞ்சு கிடந்தியாம். உன் தம்பியே சொன்னான்."

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமஸ்தானுக்குச் சுருக்கென்றது.

"வாயை மூடு! இல்லேன்னா என் கூடாரத்தை விட்டு வெளியே போ!"

சிரிப்பு பட்டென்று நின்றது. கூடாரம் ஆணுடையது என்று எங்களில் எந்தப் பைத்தியக்காரன் சொல்வான்? கூரைத் தோல்களைப் பதனிட்டுத் தைத்து, கல்யாணத்தன்று மகளுக்குக் கொடுத்தவள் ரைஷாவின் அம்மா. இவன் கொண்டுவந்தது ஒரு சேணமும் ஒரு வாளும்தான். ஆம்பளை முதலில் அம்மா கூடாரத்தில் இருப்பான், பிறகு பெண்டாட்டி கூடாரத்தில் இருப்பான். அவ்வளவுதான் அவன் பிழைப்பு.

எங்களில் முகத்திரை போடுவது ஆண்கள்தான். விருந்தாளிகள் அதைக் கண்வரை இழுத்துவிட்டு எழுந்துகொண்டார்கள்.

"யாரோட கூடாரம்?" என்று நிதானமாகக் கேட்டாள் ரைஷா.

அப்போதாவது வாயைக் கட்டியிருக்கலாம். வீம்பு விட்டால்தானே!

"என்னோடது."

"சரி. உன்னோடதுல நீ இரு. என்னோடதை நான் எடுத்துட்டுப் போறேன்."

வெளியே போய் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து கைகொடுத்தார்கள். கூரை அவன் தலைமேல் சரிந்து நழுவிப் போனது. வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. அவன் உட்கார்ந்திருந்த பாயும் அவளுடையதுதான். அவன் எழும்வரை பொறுமையாக நின்று, பிறகு அதையும் சுருட்டினாள். எல்லாவற்றையும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்கிலிருந்த அம்மா வீட்டாரிடம் போய்விட்டாள்.

அமஸ்தான் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தன் அம்மாவிடம் போனான்.

"வாடாப்பா. பல்லு விழப்போற வயசுல தொட்டிலைத் தேடி வந்திருக்கே!" என்றாள் அவள். ஆட்டுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கொடுத்தாள். பாலை நீட்டினாள். தலை நிமிராமல் குடித்தான். ஊர் சிரித்ததைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். இத்தனை வருஷம் ரைஷாவின் நிழலில் தூங்கிவிட்டு அவளையே வெளியே போகச் சொன்னோமே என்ற வெட்கம்தான் அவனைப் பிடுங்கித் தின்றது.

சில நாள் கழித்து, கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டு, அவள் இருக்கும் இடத்துக்குப் போனான். பெண்கள் எல்லாரும் வெளியே கூடியிருந்தார்கள். ஆனாலும் சொன்னான்.

"ரைஷா, அது உன் கூடாரம். எனக்குன்னு ஒண்ணும் இல்லை. எல்லார் முன்னாலயும் சொல்றேன், தப்பு என்னோடது. எனக்கு நீ வேணும்."

ரைஷா கூடார வாசல் திரையை விலக்கினாள்.

"வெயில்ல நிக்காதீங்க. உள்ளே வாங்க."

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. சேணத்தை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே போனான்.

அவள் விருந்தாளிப் பாயை விரித்தாள். டீ போட்டாள். "பயணம் சௌகரியமா? அம்மா நல்லா இருக்காங்களா? ஒட்டகமெல்லாம் சௌக்கியமா?" என்று வழிப்போக்கனிடம் கேட்பதைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் கிளாஸ் கசந்தது. இரண்டாவது இனித்தது. மூன்றாவதைக் குடித்ததும் விருந்தாளி விடைபெற வேண்டும். அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அமஸ்தான் அந்த மூன்றாவது கிளாஸை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடித்தான்.

கிளாஸ் காலியானதும் ரைஷா எழுந்து போய் அவன் சேணத்தை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

"பார்த்துப் போங்க," என்றாள்.