சரணுக்கு ஒன்றும் இல்லையாம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் வகுப்புத் தோழன் சரண் கேட்டு வாங்கியது.

"மச்சான், நல்ல சேதி வந்துகீது. ஆனா சந்தோசம் வர்ல. நீ ஒரு கத எழுதேன், படிச்சாவது வருதா பாப்போம்" என்றான், மருந்துக் கடையில் மாத்திரை கேட்பதுபோல.

சேதி இதுதான்: அவன் அப்பா செங்கல்வராயனைக் கொண்டுபோன நரம்பு நோய் அவனுக்கு வராது. மரபணுச் சோதனையில் தெரிந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: அன்று அம்பத்தூர் வானம் என்றுமில்லாத நீலத்தில்...

(அடித்துவிட்டேன். அம்பத்தூரில் வானத்தை யார் பார்த்தது?)

இரண்டாவது: செங்கல்வராயனுக்குக் கைகால் தானாக ஆடத் தொடங்கியபோது, குடிகாரன் என்று பட்டறையை விட்டு அனுப்பினார்கள். வாழ்நாளில் அவர் குடித்தது டீ மட்டும். கடைசியில் அந்த டம்ளரையும் பிடிக்க...

(முடிக்கவில்லை. சரண் படிப்பான்.)

3

பிள்ளைகளுக்கு வருவது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, சரண் டம்ளரில் விளிம்புவரை டீ ஊற்றித் தூக்கிப் பார்ப்பான். சிந்தாவிட்டால் அன்றைக்குப் பாஸ். முடிவு வந்த பிறகும் தூக்குகிறான். நாற்பதைத் தாண்ட மாட்டோம் என்று நம்பி அரியர்* எழுதாமல் விட்டவன். இப்போது எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும்.

(* எத்தனை என்று சொல்ல அனுமதி கிடைக்கவில்லை.)

சிக்கல் அதுவல்ல. அவனுக்கு ஓர் அக்கா, மதிவதனி. அவளும் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாள். நேரில் போனால்தான் முடிவைச் சொல்வார்கள். அவள் போகவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மாம்பழமோ கேக்கோ, ஒருத்தர் வெட்டினால் மற்றவர் முதலில் எடுக்கலாம்.

"நான் மொதல்ல எட்துட்டேன் மச்சான். மீதி அவளுக்குத்தானே?"

"இது மாம்பழமாடா? ஆளாளுக்குத் தனித்தனியா காசு சுண்டுற மாதிரி."

"டாக்டரும் அதான் சொன்னாரு. மண்டைக்குப் புரியுது. வயித்துக்குப் புரியல."

4

முடிவு அ: அவளுக்கும் ஒன்றும் இல்லை. அம்மா கன்னியம்மாவோடு எல்லோரும் திருமுல்லைவாயில் கோயிலுக்கு...

(இன்சூரன்ஸ் விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

முடிவு ஆ: அவளுக்கு

(எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் 'அவளுக்கு' என்றுதான் இருக்கிறது.)

5

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு மேனாம்பேட்டிலிருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதிவதனி பிடுங்கிப் படித்தாள். தாளைப் பிடித்திருந்த அவள் கையையே சரண் பார்த்தான்.

"இன்னாடா பாக்குற? உன் ரிசல்ட் வந்ததுலேந்து எம் மூஞ்சியவே நீ பாக்கல. சோறு போட்டா கை, சாவி எட்தா கை."

"இல்லக்கா..."

"உனுக்கு இல்லன்னதும் எனுக்குத்தான்னு முடிவு பண்ட்டியா? நான் போய்க் கேக்காததே உன்னாலதாண்டா. கீதுன்னா நீ தாங்க மாட்ட. இல்லன்னாலும் டம்ளரத் தூக்கறத வுட மாட்ட."

என் பக்கம் திரும்பினாள். "இன்னா ரைட்டரு, எனுக்கு ரெண்டு முடிவு எழுதிகீற. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அவள் சமையலறைக்குள் போனாள். ஒரு டம்ளரில் வேண்டுமென்றே விளிம்புவரை டீ ஊற்றி, ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு, எங்களை நோக்கி நடந்து வந்தாள்.

6

சிந்தியதா இல்லையா என்று எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. சரண் படாத பாடுபட்டுக் கண்ணை உயர்த்தி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவனைப் பார்த்து நானும் அங்கேயே பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். முன்பல்லால் உதட்டைக் கடித்தபடி.

நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?