வீட்டிலிருந்து ஒரு விடுவிப்புக் கடிதம்

முப்பத்தேழு வயதில் ஒருத்தி கல்லூரிக்குக் கிளம்பினால் அக்கம்பக்கம் இரண்டில் ஒன்றைத்தான் நினைக்கும். வீட்டில் ஏதோ சரியில்லை, அல்லது புருஷன் தங்கமான மனுஷன். அவள் விஷயத்தில் அக்கம்பக்கம் இரண்டாவதையே நினைத்தது. நினைக்கும்படி அவள் கணவர் பார்த்துக்கொண்டார்.

"நான்தாங்க படிக்க வெச்சேன்" என்று லிஃப்டில் ஏறுகிறவரிடமும் சொல்வார், இறங்குகிறவரிடமும் சொல்வார். படிக்க வைத்தது என்றால் இதுதான்: விடிவதற்குள் அவள் இரண்டு வேளைக்கும் சமைத்து மேஜையில் மூடி வைத்துவிட்டுப் போவாள், அவர் மூடியைத் திறந்து சாப்பிடுவார். அதையும் முணுமுணுக்காமல் சாப்பிட்டார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் ஊழியர் பிரிவுக்கு சூப்பிரண்டு. யார் சேரலாம், யார் போகலாம், போகிறவன் நல்லவனா கெட்டவனா என்று இருபத்தாறு வருஷமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவர். வீட்டிலும் அதே பதவிதான், கூடுதல் பொறுப்பாக.

அவள் சேர்ந்தது மருத்துவ ஆய்வகப் படிப்பு. இரண்டு வருஷம். வகுப்பில் எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. முதல் நாள் அவளைப் பார்த்ததும் ஆசிரியை என்று எழுந்து நின்றார்கள். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து "ஆன்ட்டி" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஒல்லிக்குச்சி மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டாள். அன்பு ஒரு பக்கம், ஆன்ட்டியின் நோட்டு ஒரு பக்கம்.

ரத்தம் எடுத்துப் பழக ஒரு கை வேண்டும். வீட்டில் அவளைத் தவிர நான்கு பேர், எட்டுக் கைகள். ஒன்றுகூட நீளவில்லை. மகள் "ச்சீ" என்றாள். மகன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். மாமியார், "என் உடம்புல இருக்கிறதே ஒரு டம்ளர், அதையும் உறிஞ்சணுமா?" என்றார்.

"என் வலது கை கையெழுத்துப் போடுற கை" என்றார் சூப்பிரண்டு.

"இடது கைங்க?"

"அது வாட்ச் கட்டுற கை."

ஆகவே அவள் தன் இடது கையிலேயே பழகினாள். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, கண்ணை மூடி, விரல் நுனியால் நரம்பைத் தேடி. இரண்டு வருஷத்தில் அந்தக் கை சல்லடையாயிற்று. ஆனால் விரலுக்குக் கண் முளைத்துவிட்டது. பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில், நாலு பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட கிழவருக்கும் அவள் ஒரே குத்தில் எடுத்தாள். ஆய்வகத் தலைவர் வாயில் பாராட்டு வருவது கல்லில் நார் வருகிற மாதிரி. அவரே, "இந்தம்மாவை விட்டுடாதீங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

இடம் ஒன்றே ஒன்று. அது அவளுக்குத்தான் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரியின் ஊழியர் பிரிவில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் விண்ணப்பத்தைப் புரட்டினாள். எதற்கும் "சிஸ்டம் ஏத்துக்காது" என்பதால் அவளுக்கு சிஸ்டம் அம்மா என்றே பெயர்.

"கடைசியா எங்க வேலை பார்த்தீங்க?"

"ஒரு பள்ளிக்கூட லேப்ல மூணு வருஷம். பையன் பொறந்ததும் நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"வீட்டுலதான். பதினாலு வருஷம், கடைசி ரெண்டு வருஷம் படிப்பும் சேர்த்து."

"இடைவெளின்னு போட்டா சிஸ்டம் ஏத்துக்காதே!"

"சும்மா இருக்கலீங்க, வேலைதான் பார்த்தேன்" என்றாள் அவள், கொஞ்சம் ரோஷமாக. அந்த ரோஷத்தை அப்போது அடக்கியிருக்கலாம்.

சிஸ்டம் அம்மாவின் முகம் மலர்ந்தது. "வேலை பார்த்தீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல! அப்போ அங்கேருந்து ஒரு விடுவிப்புக் கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க."

"வீட்டுலேருந்தா?"

"வீட்டுக்காரர்கிட்டேருந்து. இன்ன தேதியிலேருந்து வீட்டுப் பொறுப்புல இருந்தாங்க, இப்ப விடுவிக்கிறோம்னு ரெண்டு வரி. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வேணும். அடுத்த திங்கக்கிழமை சேர்ந்துடலாம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா."

வேறு யார் வீடாக இருந்தாலும் பிள்ளையின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ரெண்டு வரி கிறுக்கி, சிரித்துக்கொண்டே நீட்டியிருப்பார்கள். அவள் கேட்டது, விடுவிப்புக் கடிதத்தையே பிழைப்பாகக் கொண்ட மனிதரிடம்.

சூப்பிரண்டு சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினார். "எழுத்து மூலமா கேட்டிருக்காங்களா?"

"ரெண்டு வரி போதும்னாங்க."

"ரெண்டு வரியில கடிதம் கொடுக்கிறவன் நான் இல்ல. ஃபைல் இல்லாம என் மேஜையிலேருந்து ஒரு தாளும் வெளியே போனதில்ல. முதல்ல நீ ராஜினாமா எழுதிக் கொடு."

விளையாடுகிறார் என்று நினைத்து அவளும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். அவர் அதில் தேதி முத்திரை குத்தினார். வீட்டில் தேதி முத்திரை இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் கேட்டார். அவள் உட்கார்ந்து பதினெட்டுப் பக்கம் எழுதினாள். மாமியாரின் மாத்திரைகள் எது எப்போது. அடுப்பின் இடப்பக்கத் திருகை எப்படி அழுத்தித் திருப்ப வேண்டும். மகனுக்கு எந்தத் துணி அரிக்கும். தண்ணீர் மோட்டார் எந்தச் சத்தம் போட்டால் ஓட வேண்டும். எழுத எழுத அவளுக்கே மலைப்பாக இருந்தது. இவ்வளவையும் செய்கிறவளைத்தான் நாளெல்லாம் என்ன செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அருமை" என்றார் சூப்பிரண்டு. "இப்போ, பெற்றுக்கொண்டவர்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும். யார் போடறீங்க?"

புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் பட்டியல் சுற்றி வந்தது. பந்தியில் கசப்பு பரிமாறினால் இலையை மறைப்பார்களே, அப்படி ஆளுக்கொரு கையை நீட்டித் தடுத்தார்கள்.

"எனக்கு பப்ளிக் எக்ஸாம்மா" என்றாள் மகள்.

"எனக்கும் ஏதாவது எக்ஸாம் வரும்" என்றான் மகன்.

"ஏண்டி, எனக்கு மாத்திரை எடுத்துத் தர்றதை நானே வாங்கிக்கிட்டேன்னு நானே கையெழுத்துப் போடணுமா? எந்த ஊர் நியாயம்?" என்றார் மாமியார்.

"நீங்க போடலாமே" என்று அவள் கணவரைப் பார்த்தாள்.

"நான் ஒப்புதல் கொடுக்கிற அதிகாரி. அதிகாரியே பொறுப்பை வாங்கிக்கிட்டா தணிக்கையில கேள்வி வரும்."

"எந்தத் தணிக்கைங்க?"

அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். சில கேள்விகள் அவருடைய தகுதிக்குக் கீழே.

வியாழக்கிழமை வரைவு தயாரானது. பெருமையோடு வாசித்தே காட்டினார். பணியில் ஈடுபாடு: திருப்திகரம். நேரந்தவறாமை: திருப்திகரம். மேலதிகாரியின் விமர்சனத்தை ஏற்கும் மனப்பான்மை: முன்னேற்றம் தேவை.

"திருப்திகரம்தானா?" என்றாள்.

"இருபத்தாறு வருஷத்துல நான் யாருக்கும் 'மிக நன்று' போட்டதில்ல. பொண்டாட்டிங்கிறதுக்காகப் போட்டா ஊர் என்ன சொல்லும்?"

கடைசி வரிதான் விஷம். பெற்றுக்கொள்ள ஆள் இல்லாததால், மாற்று ஏற்பாட்டுக்காக மூன்று மாத அறிவிப்புக் காலம் முடிந்த பின்னரே விடுவிக்கப்படுவார்.

"மூணு மாசமா? திங்கக்கிழமை சேரலைன்னா அந்த இடம் போயிடுங்க. ஒரே இடம். அதுக்காகத்தான் ரெண்டு வருஷம் படிச்சேன்."

"விதி எனக்கும் அதேதான்மா. நானே நாளைக்குப் போறதா இருந்தாலும் மூணு மாசம்." நிஜமாகவே வருத்தப்படுகிறவர் போலத் தலையாட்டினார். பிறகு தட்டைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் போடு."

பசிக்கிறவன் சட்டம் பேசினால் சட்டமும் பசியின் பக்கந்தான் பேசும்.

அன்று அவள் அழவில்லை. பத்து வருஷமாகத் தூசி தட்டிய அலமாரியிலிருந்து, பத்து வருஷமாகப் பிரித்துப் பார்க்காத தடித்த புத்தகத்தை எடுத்தாள். அவருடைய அலுவலக விதித் தொகுப்பு. ஆய்வகப் படிப்பு அவளுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்திருந்தது: நரம்பு இல்லாத கை கிடையாது, தேடத் தெரிய வேண்டும். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் விரல் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை, ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

"எடுக்காத விடுப்பை அறிவிப்புக் காலத்துல கழிச்சுக்கலாம்னு உங்க விதியிலேயே இருக்கு. வருஷத்துக்கு முப்பது நாள். பதினாலு வருஷம். நானூத்து இருபது நாள் இருக்கு எனக்கு. தொண்ணூறைக் கழிச்சுக்கிட்டு விடுங்க."

சூப்பிரண்டின் கை ஷூ கயிற்றில் நின்றது. அவர் கெட்டவர் என்று சொல்லலாம், விதியை மீறுகிறவர் என்று மட்டும் சொல்ல முடியாது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முகம் போன போக்கில், சொந்த நாயே கடித்துவிட்ட மாதிரி இருந்தது.

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "விடுப்பே எடுக்கலையாமா? அவ அப்பன் செத்தப்ப மூணு நாள் போய் உட்கார்ந்துக்கலை?"

"மூணு நாள்" என்றார் சூப்பிரண்டு, உயிர் வந்தவராக. "நானூத்துப் பதினேழு."

"பதினேழுன்னே வெச்சுக்கோங்க. கையெழுத்துப் போடுங்க."

"எழுதிக் கொடு. பரிசீலிக்கணும். சாயங்காலம் வந்து பார்க்கிறேன்."

"அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணுங்க!"

"அவசரப்பட்டு நான் ஒரு கையெழுத்துப் போட்டதா சரித்திரம் இல்ல."

பரிசீலித்தார். ஆறு மணிக்கு வந்து, முகம் கழுவி, காபி குடித்து, ஆறு பத்துக்குக் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். உறையில் போட்டு ஒட்டி, அவள் கையில் கொடுக்கும்போது கொஞ்சம் கண் கலங்கினார்கூட. தன் நேர்மை எப்போதுமே அவரை உருக்கிவிடும்.

அவள் ஓடினாள். ஆஸ்பத்திரியில் ஊழியர் பிரிவு பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமை காலை கதவு திறக்கும்போதே போய் நின்றாள்.

சிஸ்டம் அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "அடேயப்பா! என்னா ஃபார்மட்டு! பெரிய பெரிய கம்பெனிக்காரன்கூட இப்படிக் கொடுக்க மாட்டான்." பிறகு சாதாரணமாக, "ஆனா நேத்து அஞ்சு மணிக்கே சிஸ்டம் அடுத்த பேரை எடுத்துக்கிச்சேம்மா" என்றாள்.

அடுத்த பேர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் புது வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தது. ஒல்லிக்குச்சி. முன்னால் ஒரு பெரியவர் கையை நீட்டிக்கொண்டு பல்லைக் கடித்திருந்தார். இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டியாயிற்று. மூன்றாவது இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமைக்குள்ள பழகட்டும்னு இன்னிக்கே வரச் சொன்னோம், ஊசி இன்னும் கொஞ்சம் தடுமாறுது" என்றாள் சிஸ்டம் அம்மா. "ஆனா பேப்பர் எல்லாம் சுத்தம். ஒரு நாள்கூட இடைவெளி இல்ல."

ஒல்லிக்குச்சி நிமிர்ந்து பார்த்தாள். வெட்கப்பட்டாள், பிறகு எழுந்து தடுப்பு வரை வந்தாள். "ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த நரம்பு நோட்டு உங்ககிட்டதானே இருக்கு? திங்கக்கிழமை கொண்டாந்து தர்றீங்களா?"

அவள் சிஸ்டம் அம்மாவிடம் திரும்பினாள். "அடுத்த இடம் எப்பங்க வரும்?"

"ஆறு மாசத்துல ஒண்ணு வரும். உங்க பேரைக் குறிச்சு வெச்சுக்கறேன். ஆனா இப்ப உங்களை வீட்டுலேருந்து விடுவிச்சாச்சு பாருங்க. இனிமே இந்த ஆறு மாசமும் இடைவெளியாயிடும். அதுக்கு எங்கேருந்தாவது ஒரு கடிதம் வேணும்."

வீடு திரும்பியபோது மணி பதினொன்று. அடுப்படியில் நேற்றைய பாத்திரம் அப்படியே கிடந்தது. கூடத்தில் நான்கு பேரும் காய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டியா! ஏண்டி, காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை" என்றார் மாமியார்.

"அம்மா, அவகிட்ட கேட்காதீங்க. அவ இப்ப நம்ம ஆள் இல்ல" என்றார் சூப்பிரண்டு. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னாங்க கடிதத்தைப் பார்த்து? அசந்திருப்பாங்களே!"

அவள் நடந்ததைச் சொன்னாள். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் வேண்டும் என்பதையும் சொன்னாள். கடிதம் வேண்டுமென்றால் வேலையில் இருந்தாக வேண்டும். வேலை என்று அவளை எடுத்துக்கொள்ள உலகத்தில் இருந்தது ஒரே ஒரு இடம்.

சூப்பிரண்டு எழுந்தார். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாள் கொண்டு வந்து அவள் முன் வைத்தார். பேனாவின் மூடியைத் தானே கழற்றியும் கொடுத்தார்.

அவள் வேலைக்கு விண்ணப்பம் எழுதினாள். சல்லடையான கை தாளை அழுத்திப் பிடித்திருந்தது. அவர் வாங்கி வாசித்தார்.

"முன் அனுபவம் பதினாலு வருஷம்னு போட்டிருக்கே. சான்று எங்க?"

"நீங்க கொடுத்த கடிதந்தாங்க. ஆஸ்பத்திரியில ஒரிஜினலை வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

"அடடா" என்றார் சூப்பிரண்டு, உண்மையான அனுதாபத்தோடு. "ஒரிஜினல் இல்லாம அனுபவத்தைக் கணக்குல எடுக்க முடியாதேம்மா. சரி, புது ஆளாவே சேர்ந்துக்கோ. முதல் ஆறு மாசம் தகுதிகாண் பருவம். எப்படி செய்யறேன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

தேதி முத்திரையைக் குத்தினார். மகன் தட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தான்.